சிகாகோ போலீஸ் புகார்த் தளம்: மேல்முறையீட்டுக்கு எவ்வளவு உதவும்?

சிகாகோ போலீஸ் அதிகாரிகள் மீதான புகார்களைத் தேடிப் பார்க்க, ‘இன்விசிபிள் இன்ஸ்டிடியூட்’ என்ற அங்குள்ள பத்திரிகை அமைப்பு நடத்தும் தளம் சிட்டிசன்ஸ் போலீஸ் டேட்டா ப்ராஜெக்ட். தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்று பார்ப்போம். இதற்குக் காசும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். புகார்க் கோப்புகள் பொது ஆவணமே என்று இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் சொன்ன பிறகு வெளிவந்த பதிவுகள் இவை. 1988 வரை பின்னோக்கிப் போகலாம்.

அதிகாரியின் பெயரைத் தட்டினால் முதலில் கண்ணில் படுவது முக்கோண வரைபடம். பொதுமக்கள் புகார், துறைக்குள் எழுந்த புகார், பலப்பிரயோகம் மூன்றிலும் சக அதிகாரிகளிடையே அவர் எங்கே நிற்கிறார் என்று காட்டும். பார்க்க அழகுதான், மேல்முறையீட்டு மனுவில் அதை வைத்து ஒன்றும் ஆகாது. கீழேயுள்ள காலவரிசைதான் சரக்கு: புகாரின் தேதி, வகை, முடிவு, உடன் சிக்கிய அதிகாரிகள்.

வழக்கு விசாரணைக்கு முந்தைய புகார்களை முதலில் பிரித்தெடுங்கள். சாதகமான தகவலை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1963ஆம் ஆண்டு பிராடி தீர்ப்பு. அதன்படி வெல்ல, தகவல் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக இருக்க வேண்டும், அரசுத் தரப்பு அதைத் தராமல் இருந்திருக்க வேண்டும், தந்திருந்தால் முடிவு மாற நியாயமான வாய்ப்பும் வேண்டும். பெரும்பாலான மனுக்கள் கவிழ்வது மூன்றாவதில். அந்த அதிகாரியின் சாட்சியம் ஒன்றையே நம்பி நின்ற போதைப்பொருள் வழக்கென்றால் கதை வேறு. ‘போலீஸுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது’ என்று அரசு வக்கீல் நழுவவும் முடியாது. அதே நீதிமன்றத்தின் கைல்ஸ் வழக்குத் தீர்ப்பு (1995) அந்த வழியை அடைத்துவிட்டது.

காசு தராதவர்கள் மீது பொய்ப் போதைப்பொருள் வழக்குப் போட்ட சிகாகோ போலீஸ் சார்ஜென்ட் ரொனால்ட் வாட்ஸ் விவகாரம் இதற்குத் தக்க உதாரணம். அவர் 2012இல் கைதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எஃப்.பி.ஐ.யும் துறையும் அவரை விசாரித்துக்கொண்டிருந்தன; அவர் குழு பிடித்தவர்களோ சிறைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பின்னர் 200க்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின.

முடிவுப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ‘அன்ஃபவுண்டட்’ என்றால் நடக்கவே இல்லை என்பது துறையின் முடிவு. ‘நாட் சஸ்டெயின்ட்’ என்றால் எந்தப் பக்கமும் ஆதாரம் போதவில்லை, அவ்வளவே. புகார்தாரர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடாததால் மூடிய கோப்புகளும் உண்டு. அவற்றில் யாரும் உண்மையைத் தேடவே இல்லை.

பெரிய குறை, பதிவுகள் 2018ஐ ஒட்டியே நின்றுவிடுவது. புதிய வழக்குக்குத் துறையிடமே தகவல் மனு போடுங்கள். இன்னொரு சிக்கல்: தேடினால் கிடைத்திருக்கக்கூடியதை ‘மறைத்தது’ என ஏற்க அங்குள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தயங்கும். எனவே கோப்புகள் பூட்டிக் கிடந்த 2014க்கு முந்தைய தண்டனைகளுக்கே இத்தளம் அதிகம் பயன்படும்.