இலவச சட்ட உதவி மையம்: தம்பிக்காகப் போய் வந்த அனுபவம்

தம்பி செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன் வாங்கிய பழைய போன் ஒன்று திருட்டு போன் என்று ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அடித்து விவரம் கேட்டுவிட்டு, காலையில் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்ட உதவி மையத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

உட்கார ஒரே பெஞ்சுதான், இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். ஆனால் அந்த வக்கீலம்மா பேசிய இருபது நிமிஷத்துக்கு எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம்.

"வாயே திறக்காதேன்னு சொல்லல தம்பி. பேரு, விலாசம் எல்லாம் சொல்லு. எந்தப் பதில் உன் மேலயே குற்றமா திரும்புமோ, அதுக்கு மட்டும் 'பதில் சொல்ல விரும்பல சார்'னு மரியாதையா சொல்லு. பொய் மட்டும் சொல்லிடாதே."

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு தரும் உரிமை இது. ஸ்டேஷன் விசாரணைக்கும் இது பொருந்தும் என்று ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் பிரிவுகள் 180, 181 என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கையெழுத்து பற்றிய 181-ஐ இரண்டு முறை வட்டம் போட்டுக் கொடுத்தார்.

ஒரு பைசா வாங்கவில்லை. போகிறவர்கள் சம்மனையும் பில் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். அவர் முதலில் கேட்டது அவற்றைத்தான்.