பால் குடிக்கும்போது வியர்த்த குழந்தை: சிங்கப்பூர்ப் பயண அனுபவம்

பெர்த்திலிருந்து விடுமுறைக்கு வந்த எனக்கு இம்முறை கடைத்தெருக்கள் நிறைந்த தேக்காவைவிட மருத்துவமனைத் தாழ்வாரமே பழகிப்போனது. மூன்று மாதக் குழந்தையான அண்ணன் மகள், பால் குடிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நெற்றியெல்லாம் வியர்த்து வீறிட்டு அழுவாள். வயிற்றுவலி என்று அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தார். வீட்டருகே இருந்த தனியார் மருந்தகமும் வாயுவுக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியது. தடுப்பூசிக்காக அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்றபோதுதான், எடை ஏறாததையும் மூச்சு வாங்குவதையும் கவனித்த மருத்துவர் உடனே அவசரப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருந்தது. இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோவில் இடது கீழறை சோர்ந்து துடித்தது. இதயத் தசை நோய் என்று அத்தோடு முடித்துவிடக்கூடிய கட்டம் அது. ஆனால் இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் இசிஜியில் மாரடைப்பு வந்தவர்களுக்குத் தெரிவது போன்ற ஆழமான கியூ அலைகளைக் (கீழ்நோக்கி இறங்கும் கோடுகளை) கண்ட மருத்துவர், இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரித் தமனிகள் எங்கே தொடங்குகின்றன என்று மறுபடியும் தேடினார். உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மகாதமனியிலிருந்து கிளைக்க வேண்டிய இடது கரோனரித் தமனி, நுரையீரல் தமனியிலிருந்து கிளைத்திருந்தது. அல்காப்பா (ALCAPA) எனப்படும் இக்குறை ஏறத்தாழ 3 லட்சம் பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவது. பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்திருப்பதால் எதுவும் தெரியாது. சில வாரங்களில் அது குறைந்ததும், இதயத் தசைக்குச் சேர வேண்டிய இரத்தம் நுரையீரல் பக்கம் வடிந்துவிடுகிறது. கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதே கடும் உழைப்பு என்பதால் நெஞ்சுவலியும் அப்போதுதான் வருகிறது.

இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாகச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, அத்தமனியின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு வெட்டியெடுத்து மகாதமனியில் பொருத்துவதே அறுவை சிகிச்சை. மருத்துவர் சிவப்பு, நீலப் பேனாக்களால் வரைந்து காட்ட, தமிழ்த் தாதி ஒருவர் அதை அம்மாவுக்கு வரிவரியாக விளக்கினார். 2015இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் என்னும் சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதி பிறவிக் குறைகளையும் உள்ளடக்குவதால், அண்ணனுக்குக் கட்டணக் கவலை பாதி தீர்ந்தது. எனக்கிருந்த மனக்குறை ஒன்றுதான்: அறுவை நடந்த நேரம் முழுவதும் எவரும் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தலைக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்தே எடுக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் முன் தாதி அம்மாவைச் செய்துகாட்டச் சொல்லிச் சரிபார்த்தார். இதயத் தசை தேறத் தேற, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வில் இருக்கும் கசிவும் குறையக்கூடும் என்கிறார்கள். அடுத்த எக்கோ முடிவை அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.