சீட்டுப் பணம் 3 லட்சம்: டெபாசிட்டா, நகையா?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பட்டறைக்குப் போகும் அக்கா ஒருவருக்குச் சீட்டு விழுந்தது. "பேங்கில் போட்டால் காப்பீட்டு அட்டையும் உரிமைத்தொகையும் போயிடுமா?" என்று கேட்டார். சேமிப்புத் தொகையை யாரும் வருமானமாக எண்ணுவதில்லை. வட்டிதான் வருமானம். குழப்பமே அங்கேதான்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு (ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம்)
டெபாசிட்: 7% என்றால் வட்டி 21,000. குடும்ப வருமானம் 1,05,000 என்றால் மொத்தம் 1,26,000. வரம்பு தாண்டிவிட்டது. வருமானச் சான்றுக்குப் போகும்போது வி.ஏ.ஓ.விடம் வட்டியை மறைக்கலாமே என்பார்கள். பான் எண்ணில் எல்லாம் பதிவாகிறது, வேண்டாம்.
நகை: ஆண்டு வருமானம் எதுவும் வராது.

மகளிர் உரிமைத்தொகை (மாதம் 1,000, வரம்பு 2.5 லட்சம்)
டெபாசிட்: இந்த வட்டியால் பாதகமில்லை.
நகை: இதற்கும் பாதகமில்லை. ஆனால் இந்தப் பணத்தில் சொந்த ஓட்டத்துக்குக் கார் வாங்கினால் சிக்கல்.

செலவு
டெபாசிட்: ஒன்றுமில்லை.
நகை: செய்கூலி, சேதாரம், 3% ஜி.எஸ்.டி. விற்கும்போது இதில் ஒரு பைசா திரும்பாது.

பாதுகாப்பு
டெபாசிட்: வங்கி திவாலானாலும் 5 லட்சம் வரை காப்பீடு.
நகை: பீரோ சாவியை நம்ப வேண்டும்.

அவசரம்
இரண்டின் மேலும் அன்றே கடன் வாங்கலாம். நகைக்கு அடகுக்கடை தெருவுக்குத் தெரு.

வருமானம் 1 லட்சத்தை ஒட்டியிருந்து, வீட்டில் நோயாளி இருந்தால் மொத்தத்தையும் டெபாசிட்டில் போடாதீர்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை தரும் அட்டைக்கு 21,000 ஈடாகாது. வருமானம் ஏற்கெனவே 1.2 லட்சத்துக்கு மேல் என்றால் டெபாசிட்தான். அக்காவுக்கு நான் சொன்னது: 1.5 லட்சம் டெபாசிட், மீதிக்குத் தங்க நாணயம். நாணயத்தில் கூலி குறைவு.