590 கிலோ என்றார்கள், எடை மேடை 780 காட்டியது: இரண்டு சீசன் ஓட்டிய பாப்-அப் கேம்பர்

இந்த பாப்-அப் கேம்பரை (நிறுத்திய இடத்தில் விரித்துத் தங்குகிற மடக்குக் கூடார வண்டி) ஒரு சின்ன எஸ்யூவியின் பின்னால் மாட்டி இரண்டு சீசன் இழுத்தாகிவிட்டது. கேம்பர் நல்ல சாமான். மடித்தால் காரின் கூரைக்குக் கீழேயே நிற்கிறது, அதனால் காற்று முட்டுவது குறைவு, பின்னால் வருகிற வண்டியும் நடுக் கண்ணாடியில் தெரிகிறது. சின்ன எஞ்சினுக்கு எடையைவிடக் காற்றுதான் பெரிய சுமை என்பது நெடுஞ்சாலையில் ஏறினால்தான் புரியும், அந்த வகையில் நிமிர்ந்து நிற்கும் கேரவனைவிட இது எவ்வளவோ மேல். கைப்பிடியைச் சுற்றிக் கூரையைத் தூக்கி, இரண்டு பக்கமும் படுக்கையை இழுத்துவிட்டு, கித்தானை மாட்டி முடிக்க இருபது நிமிடம். ஈரத்தோடு மடித்தால் மட்டும் வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும்.

குறை எடையில்தான். "590 கிலோதான், சின்ன வண்டியே தாராளமா இழுத்துடும்" என்று விற்றவர் சொன்னார். எங்கள் காரின் இழுவை வரம்பு 900 கிலோ, அதனால் நானும் நம்பிவிட்டேன். முதல் பயணத்தில் கேம்பரின் பின் பம்பரில் இரண்டு சைக்கிள், பின் மூலையில் ஐஸ் நிரப்பிய பெட்டி. ஒரு நீண்ட இறக்கத்தில் 85 கிலோமீட்டர் வேகம் தொட்டபோது, யாரோ காரின் வாலைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டுகிற மாதிரி இருந்தது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தேன். ஏழெட்டு ஆட்டத்துக்குப் பிறகு அடங்கியது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள், அந்த ஏழெட்டு நொடியை இன்னும் மறக்க முடியவில்லை.

திரும்பியதும் அதே சாமான்களோடு லாரி எடை போடும் மேடைக்குக் கொண்டுபோய்க் கழற்றி நிறுத்தினேன். 780 கிலோ. 590 என்பது தொழிற்சாலையில் எதுவுமே மாட்டாமல் எடுத்த கணக்கு. அதற்கு மேல் பேட்டரி 24, நிரம்பிய கேஸ் சிலிண்டர் 17, கூரை ஏசி 40, ஸ்டெப்னியும் அதன் தாங்கியும் 20, எங்கள் சாமான் 89. தண்ணீர்த் தொட்டி காலி, அதை நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ என்று இன்னும் ஏறும்.

அப்புறம் டங் வெயிட், அதாவது ஹிட்ச் (காரின் பின்னால் கேம்பரை மாட்டும் கொக்கி) பந்தின் மேல் கேம்பரின் முன் முனை அழுந்தும் எடை. வீட்டில் இருக்கும் எடை பார்க்கும் மெஷினே போதும். ஒரு பக்கம் செங்கல், இன்னொரு பக்கம் மெஷின், நடுவில் உறுதியான பலகை. செங்கலிலிருந்து 30 செ.மீ., மெஷினிலிருந்து 60 செ.மீ. தள்ளி கேம்பரின் முனையைப் பலகை மேல் இறக்கி, காட்டுகிற எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும் (பலகையின் எடையை முன்பே கழித்துவிடுங்கள், கேம்பர் மட்டமாக நிற்க வேண்டும்). மெஷின் 17 காட்டியது, அதாவது 51 கிலோ, மொத்த எடையில் ஆறரை சதவீதம். அமெரிக்க வழக்கத்தில் 10 முதல் 15 சதவீதம் வேண்டும் என்பார்கள். பின்னால் எடை கூடி முன் முனை லேசானால் கேம்பர் ஆடும், ஆட்டத்துக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது.

சைக்கிளைக் கேம்பருக்குள் சக்கர அச்சுக்கு நேர் மேலே படுக்கவைத்து, ஐஸ் பெட்டியையும் டூல்ஸையும் முன்னால் தள்ளினேன். இப்போது 108! எங்கள் ஹிட்ச்சின் வரம்போ 90. திரும்ப ஐஸ் பெட்டியை அச்சுப் பக்கம் கொஞ்சம் நகர்த்த, 87-ல் நின்றது. ஒரு மதியம் முழுக்க இதிலேயே போனது, ஆனால் அதற்குப் பிறகு இதுவரை ஒரு ஆட்டம் இல்லை.

பலர் கவனிக்காதது இன்னொன்று. அந்த 87 கிலோ காரின் சொந்தச் சுமைக் கணக்கிலும் சேரும். எங்கள் காருக்கு 410 வரம்பு. ஆட்கள் நாலு பேர் 240, பைகள் 65, ஹிட்ச் 16, டங் வெயிட் 87, கூட்டினால் 408. இழுவை வரம்பில் 120 கிலோ மிச்சம் இருக்கிறது, காரிலோ ஒரு தண்ணீர் பாட்டிலுக்குத்தான் இடம்.

ஏற்றத்தில் பொறுமை வேண்டும், லாரியோடு லாரியாக ஓரமாகவே போய்விடுவேன். இறக்கத்தில் கீழ் கியர். கேம்பரில் மின்சார பிரேக் இருக்கிறது, நன்றாகவும் பிடிக்கிறது, ஆனால் காருக்குள் தனி கண்ட்ரோலர் பொருத்தினால்தான் அது வேலை செய்யும், விற்கும்போது இதையும் யாரும் சொல்லவில்லை. கார் கையேட்டில் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண், இல்லாததற்கு ஒரு எண் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், இரண்டையும் பாருங்கள். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டினாலே டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம்.

உங்கள் வண்டியின் இழுவை வரம்பு 900 கிலோவோ அதற்கு மேலோ என்றால் இந்தக் கேம்பரைத் தயங்காமல் வாங்கலாம். பல சின்ன எஸ்யூவிகளில் இருப்பது போல 680 கிலோதான் என்றால் இது வேண்டாம், ஏசியைக் கழற்றினாலும் கணக்கு உதைக்கும்.