தில்லைநகர் மாடி கிளினிக்: மாமியார் முதல் பையன் வரை ஒரே பல் டாக்டர்

படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி தில்லைநகரில் ஒரு கிராஸுக்குள் மாடியில் இருக்கிற சின்ன பல் கிளினிக் இது. ஏசி சுமார், வண்டி நிறுத்த இடம் கிடையாது, சொன்ன நேரத்துக்கு உள்ளே கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை, ஆனாலும் எங்கள் வீட்டில் மாமியார் முதல் இரண்டாம் வகுப்புப் பையன் வரை எல்லோர் வாயையும் இப்போது இங்கேதான் காட்டுகிறோம். "இதற்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த டாக்டர், காரணம் அவ்வளவுதான். ஐந்துக்கு நான்கு. பெயரைப் போடவில்லை, ஏற்கெனவே அங்கே உட்கார நாற்காலி கிடைப்பதில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கீழ்க் கடைவாயில் வலி. முதலில் போனது வேறோர் இடம், அதன் பெயரும் வேண்டாம், கண்ணாடிக் கதவும் காபி மெஷினும் வைத்த பெரிய இடம். ஒரு பல் வலிக்கிறது என்று போன மனுஷன் ஆறு பல்லுக்கான எஸ்டிமேட்டோடு திரும்பினார்: இரண்டு ரூட் கேனல், நான்கு அடைப்பு, மொத்தத்துக்கும் அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி. பல்லுக்கு எதற்கு ஆடித் தள்ளுபடி என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஆறு பல்லும் உண்மையிலேயே கெட்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனால் ஒரு பல்லைக்கூட எக்ஸ்ரேயில் காட்டி விளக்கவில்லை.

இந்த டாக்டர் முதலில் செய்தது எக்ஸ்ரே எடுத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பியதுதான். வாய்க்குள் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் வைக்கிறார்கள், அடுத்த நொடி படம் வந்துவிடுகிறது. வலிக்கிற பல்லில் கறுப்பு நிழல் மேலிருந்து இறங்கி நடுவில் இருக்கும் நரம்பு அறையைத் தொட்டுவிட்டது, அதற்கு ரூட் கேனல்தான், மாற்று என்றால் பிடுங்குவது. பக்கத்துப் பல்லில் நிழல் பாதி தூரம்தான் போயிருக்கிறது, அதற்கு அடைத்தால் போதும். மீதியில் சிலது குழிகளில் படிந்த வெறும் கறை, ஒன்றிரண்டு, பல்லின் வெளி ஓடான எனாமலோடு நிற்கிற ஆரம்பச் சொத்தை. எனாமலைத் தாண்டாத சொத்தையைக் குடையாமலே ஃப்ளோரைடு பேஸ்ட்டும் ஒழுங்கான சுத்தமும் வைத்து அப்படியே நிறுத்த முடியும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. "ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்போம், வளர்ந்திருந்தால் அப்போது கை வைப்போம் சார்" என்றார். படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டார்கள், கேட்காமலே.

ரூட் கேனல் என்றாலே ஊரில் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். மரத்துப்போகிற ஊசி சரியாக ஏறிவிட்டால் பெரிதாக வலிக்காது, வாயைத் திறந்து வைத்தே தாடை கடுப்பதுதான் பெரிய தொல்லை என்கிறார் அனுபவித்தவர். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட்டை மாட்டுகிறார்கள், உள்ளே விடுகிற கழுவும் மருந்து தொண்டைக்குப் போகாமலும் எச்சில் கேனலுக்குள், அதாவது வேருக்குள் ஓடும் நரம்புக் குழாய்க்குள், போகாமலும் இருப்பதற்காக. இதை மாட்டுவதற்கு நேரமாகும் என்று பல இடங்களில் விட்டுவிடுவார்களாம், இங்கே மாட்டினார்கள், அதற்கு ஒரு மார்க் கூடுதல். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று கேனல் இருக்கும், ஒவ்வொன்றாக மெல்லிய கம்பி போன்ற ஃபைலால் சுரண்டிக் கழுவி, நுனிவரை போயிருக்கிறதா என்று ஒரு சின்ன மெஷினில் பீப் சத்தம் வைத்துப் பார்த்து, கடைசியில் கட்டாபெர்ச்சா என்கிற ரப்பர் மாதிரிப் பொருளால் அடைத்துவிடுகிறார்கள். அறை முழுக்க வருகிற அந்த வாடை கிராம்புத் தைலத்தின் வாடைதான். கிராம்பிலிருக்கும் யூஜினாலைத்தான் தற்காலிக சிமென்ட்டில் கலக்கிறார்கள். பாட்டி பஞ்சில் தொட்டு வைத்த கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும் என்பது உண்மை, சொத்தையை அது ஒன்றும் செய்யாது என்பதும் உண்மை. அப்புறம், வலி மாத்திரையைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அடக்கி வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம், ஆஸ்பிரின் ஈறையே வெந்து போக வைக்கும்.

ரூட் கேனலுக்கு 4,000, அதற்குப் பிறகு பல்லின் மேல் மாட்டுகிற கேப்புக்கு 3,500 ஆனது. வலி போனதும் பாதிப் பேர் கேப்புக்கு வருவதே இல்லை என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். நரம்பு எடுத்த பல் உள்ளே நிறைய இழந்து வெறும் சுவராக நிற்கும், முறுக்கைக் கடிக்கும்போது வேர்வரை பிளந்தால் பிறகு பிடுங்குவதைத் தவிர வழியில்லை, போட்ட காசும் போச்சு. கேப்பில் மூன்று வகை சொன்னார்: முழு உலோகம், உலோகத்தின் மேல் செராமிக், ஜிர்கோனியா. ஜிர்கோனியாதான் விலை அதிகம், அதைத் தலையில் கட்டுவார் என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். "சிரிச்சா தெரியாத பல்லு, உலோகமே போதும், பல்லையும் குறைவாகத்தான் ராவணும்" என்றார். என் வீட்டுக்காரர்தான் வெள்ளையாக இருந்தால் நல்லது என்று நடுவகையை எடுத்தார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிற பெற்றோர்கள் மற்றதை விட்டாலும் இதை விட வேண்டாம். ஆறு வயதையொட்டி, பால்பல் வரிசைக்கு அந்தப் பக்கம், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்றே நினைத்துக்கொண்டு, கெட்டால் கெடட்டும் விழுந்து முளைக்கும் என்று இருந்துவிடுகிறோம். பள்ளமும் மேடுமாக இருப்பதால் ப்ரஷ் நார் உள்ளே போகாது, பிஸ்கட் மாவு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் அந்த நான்கு பல்லுக்கும் சீலன்ட் போட்டார்: குடைவதில்லை, ஊசி இல்லை, பல்லைக் காயவைத்து ஒரு திரவத்தைக் குழிகளில் ஓடவிட்டு நீல வெளிச்சம் காட்டினால் கெட்டியாகிவிடுகிறது. செலவு ஒரு அடைப்புக்கு ஆவதைவிடக் குறைவு. இந்த வயதில் குழந்தை இருக்கிற எல்லோரும் கேட்டு வாங்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்பேன்.

பால்பல்லிலும் ஒன்று சொத்தையாகி இருந்தது. "விழப்போற பல்லுதானே டாக்டர், பிடுங்கிடலாமே" என்றேன். முன்பல் சீக்கிரம் விழும், ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை, இப்போதே எடுத்தால் பின்னால் இருக்கிற பல் முன்னே சாய்ந்து அடியில் வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும், பிறகு கிளிப் போட அலைவீர்கள் என்றார். அதனால் உள்ளே சுத்தம் செய்து வெள்ளி நிறத்தில் ஒரு ரெடிமேட் கேப் மாட்டினார்கள். இதைச் செய்தது குழந்தைகளுக்கான தனி டாக்டர், வாரத்தில் குறிப்பிட்ட மாலைகளில் மட்டும் வருகிறவர். சின்ன கிளினிக்குகளில் இப்படித்தான், ஞானப்பல் எடுக்க ஒருவர், கிளிப்புக்கு ஒருவர் என்று வெளியிலிருந்து வருவார்கள், போன் செய்துவிட்டுப் போவது நல்லது. அந்த அம்மா பையனிடம் ஊசி என்ற வார்த்தையையே சொல்லவில்லை, "பல்லைத் தூங்க வைக்கப் போறேன்" என்றார். கேப்பை இரும்புப் பல் என்று பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தான்.

பேஸ்ட் எவ்வளவு என்பதிலும் பாடம் நடந்தது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் ப்ரஷ் நீளத்துக்கு அலை மாதிரிப் பிதுக்கிக் காட்டுவது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்காக. டியூபின் பின்னால் ஃப்ளோரைடு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள், இந்தியாவில் பேஸ்ட்டுக்கு உச்சவரம்பு 1000 பிபிஎம், கார்ட்டூன் படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட்டுகள் சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் சுத்தமாக இருக்காது. துப்பியபின் வாயைத் தண்ணீர் விட்டு அலசித் தள்ளாமல் துப்புவதோடு நிறுத்தினால் ஃப்ளோரைடு பல்லில் தங்கும். ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது: ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவதற்கு முன் "சொந்த ஊர் எது, எந்தத் தண்ணி குடிக்கிறீங்க" என்று கேட்டார். நாங்கள் காவிரித் தண்ணீர். என் நாத்தனார் பென்னாகரத்தில் வாழ்க்கைப்பட்டவர், அவர் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். எல்லா ஊருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதாத டாக்டர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மாமியாரைக் கூட்டிப்போனதுதான் பெரிய வேலை. கிளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கம் மஞ்சளாக, கல் மாதிரி கட்டியிருந்த காரையைக் காட்டினார். "அம்மா, உங்க பல்லை இப்ப பிடிச்சு வச்சிருக்கறது இந்தக் காரைதான், ஈறு இல்ல." காரை போனதும் இடைவெளி தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும், அதைத்தான் பல் ஆட்டம் கண்டுவிட்டது என்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. ஈறு வீக்கம் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறைக் கெடுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகே கை வைத்தார். ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைப் பிடுங்கவும் வேண்டியிருந்தது. மாமியார் தினமும் சாப்பிடுகிற ஆஸ்பிரினை அவராகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார், அதற்கு டாக்டரிடம் நன்றாகத் திட்டு விழுந்தது, இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாதாம். பிடுங்கிய அன்றைக்குத் துப்பக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, உப்புத் தண்ணீர் மறுநாள்தான். குழியில் உறைந்த ரத்தக்கட்டி கழன்றால் அந்த வலி பல்வலியைவிட மோசமாக இருக்குமாம்.

வெற்றிலையைப் பற்றியும் பேச்சு வந்தது. "புகையிலை போடறதில்ல தம்பி, வெறும் பாக்குதான்" என்றார் மாமியார் பெருமையாக. வாயைக் கெடுக்கப் பாக்கு மட்டுமே போதும் அம்மா என்று டாக்டர் கையுறை விரலைக் கன்னத்துக்குள் விட்டுத் தடவிப் பார்த்தார், உள்தோல் கயிறு மாதிரி இறுகியிருக்கிறதா, வெள்ளைத் திட்டு உண்டா, வாய் எத்தனை விரல் திறக்கிறது என்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாமியார் வாயில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. பாக்கை விட்டாரா என்றால், வீட்டில் விட்டிருக்கிறார், பக்கத்து வீட்டுத் திண்ணையைப் பற்றி நான் உத்தரவாதம் தரமுடியாது.

குறைகள். ஆறு மணி அப்பாயின்ட்மென்ட் என்றால் ஏழு மணி. ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் "அடுத்தது நீங்கதான்க்கா", அதற்குப் பிறகும் இருவர் உள்ளே போவார்கள். பில்லை மொத்தமாக எழுதுகிறார்கள், எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் தருகிறார்கள், கேட்க வேண்டும். கவுன்ட்டரில் வைத்திருக்கும் ப்ரஷ், மவுத்வாஷ் எல்லாம் கடையைவிட விலை கூட, வாங்கத் தேவையில்லை. மவுத்வாஷே எங்கள் யாருக்கும் தேவையில்லை என்று டாக்டரே சொல்கிறார், பிறகு ஏன் அடுக்கி வைத்திருக்கிறார் என்றுதான் புரியவில்லை. மாமியாருக்கு மட்டும் பல்லிடுக்கில் விடுகிற குட்டி ப்ரஷ் வாங்கினோம், அது நிஜமாகவே உபயோகம். கறுப்புக் கரி பேஸ்ட் வாங்கி வைத்திருந்த என் வீட்டுக்காரரிடம் அதை வெள்ளிப் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார், சொரசொரப்பான எதுவும் எனாமலைத் தேய்க்கும், கட்டியான ப்ரஷும் அப்படித்தான். கருவிகளை மூடிய பையிலிருந்து நம் கண் எதிரே பிரிக்கிறார்கள், பையின் ஓரத்துக் கோடு நிறம் மாறியிருந்தால் ஆட்டோகிளேவ் என்கிற, நீராவியில் கிருமி நீக்கும் மெஷினுக்குள் போய் வந்தது என்று அர்த்தம். எந்த கிளினிக்குக்குப் போனாலும் இதைக் கேட்டுப் பாருங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்தில் உட்காராதீர்கள்.

செலவு தாங்காது என்பவர்களுக்கு: நம் ஊர்ப் பக்கம் புதுக்கோட்டையில் 2023-லிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-லிருந்து இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர் பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் பிடிக்கும், பலமுறை வரச் சொல்வார்கள், ஆனால் கை கடிக்காது. சாதாரண மருத்துவக் காப்பீடு பல்லுக்குப் பெரும்பாலும் விபத்து என்றால்தான் தரும், அதை நம்பிப் போக வேண்டாம்.

இந்த கிளினிக்குக்கு வருபவர்கள் வண்டியைச் சாஸ்திரி ரோட்டுப் பக்கமே எங்காவது விட்டுவிட்டு நடந்து வாருங்கள். சனிக்கிழமை மாலை வேண்டாம், ஊரில் பாதிக் குழந்தைகள் அங்கேதான் அழுதுகொண்டிருக்கும். வார நாளில் காலை பத்தரைக்குப் போனால் டாக்டர் பேசுவதற்கு நேரம் வைத்திருப்பார்.