எஸ்ஸனின் ரூர் அருங்காட்சியகம்: நிலக்கரி சென்ற வழியிலேயே ஒரு பயணம்

ஜெர்மனியின் ரூர் பகுதியைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலில் போக வேண்டிய இடம், எஸ்ஸன் நகரின் சோல்ஃபெரைன் சுரங்க வளாகத்தில் 2010 முதல் இயங்கிவரும் ரூர் அருங்காட்சியகம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். நிலக்கரியைக் கழுவித் தரம் பிரித்த பழைய ஆலைக் கட்டடமே இங்கு காட்சிக்கூடமாகியிருக்கிறது. நீளமான நகரும் படிக்கட்டு நம்மை 24 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து தளம் தளமாகக் கீழே இறங்க வேண்டும். மேலே ஏற்றப்பட்ட நிலக்கரியும் அன்று இப்படித்தான் பிரிந்து பிரிந்து கீழே வந்தது. 17 மீட்டரில் நிகழ்காலம், 12 மீட்டரில் நினைவு, 6 மீட்டரில் வரலாறு என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது கீழ்த்தளத்துக்கே. தெற்கே ரூர் ஆற்றின் கரையில் நிலக்கரிப் படுகை தரையை ஒட்டியே கிடக்கிறது. வடக்கே போகப் போகச் சுண்ணாம்புக் களிமண் அடுக்குக்கு அடியில் ஆழ்ந்துவிடுகிறது. நீராவி எந்திரங்கள் வந்து தண்ணீரை இறைக்கத் தொடங்கிய பிறகே அந்த அடுக்கைத் துளைத்துச் செல்ல முடிந்தது என்பதால், தொழிலும் குடியிருப்பும் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்தன. 1847இல் தொழிலதிபர் ஃபிரான்ஸ் ஹானியல் தொடங்கிய சோல்ஃபெரைன் அந்த நகர்வில் பிறந்ததே. இந்த நிலவியலை மனத்தில் கொண்டால், போலிஷ் மொழி பேசிய தொழிலாளர்கள் அன்றைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்ததும், மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் 1961இல் செய்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் துருக்கியர் வந்ததும் ஒரே கதையின் பகுதிகளாகத் தெரிகின்றன.

வெளியே நிற்கும் 12ஆம் சுரங்கக்குழியின் இரட்டைக் கால் கோபுரத்தையும் தவறவிடக் கூடாது. ஷுப், கிரெம்மர் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 1932இல் இயங்கத் தொடங்கிய இக்குழி, நாளொன்றுக்கு 12,000 டன் வரை கையாண்டது. 1986 டிசம்பரில் மூடப்பட்ட சுரங்கம் 2001இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் 2018இல் பாட்ராப் நகரில் மூடப்பட்டது. ஆனால் தோண்டியதால் தாழ்ந்துபோன நிலம் நீரில் மூழ்காதிருக்க, இறைப்பு எந்திரங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன, இனியும் ஓட வேண்டும். மூடிய பின்னும் முடியாத இந்தச் செலவை அறிந்தபோது நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஐம்பது லட்சம் பேர் வாழும் இப்பகுதி ஒரே நிர்வாக மண்டலம் அல்ல என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது. எஸ்ஸன் டுசல்டார்ஃப் மண்டலத்திலும், கெல்சன்கிர்ஷன் முன்ஸ்டர் மண்டலத்திலும், போஹும், டார்ட்முண்ட் இரண்டும் ஆர்ன்ஸ்பெர்க் மண்டலத்திலும் அடங்குகின்றன. மூன்றின் தலைமையிடங்களும் ரூருக்கு வெளியே இருக்கின்றன. பிரஷ்ய ஆட்சி நிலக்கரி யுகத்துக்கு முன்பே வகுத்த எல்லைகளின் மிச்சம் இது. 1920இல் நகரங்கள் சேர்ந்து அமைத்த திட்டமிடல் கூட்டமைப்பின் வழிவந்த அமைப்பே இன்றும் அவற்றை இணைத்துவைக்கிறது.

நான்கு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஸன் ரயில் நிலையத்திலிருந்து 107ஆம் எண் டிராம் வளாக வாசலிலேயே இறக்கிவிடும். திரும்பும் முன் அதே டிராமில் வந்த திசையிலேயே தொடர்ந்து கெல்சன்கிர்ஷன் வரை போய்ப் பாருங்கள். வீடுகள் இடைவெளியின்றித் தொடர, ஒரு மண்டலம் முடிந்து மற்றொன்று தொடங்கிய இடம் கண்ணுக்கே தெரியாது.