வெட்ஜால் அடிக்கும் பஞ்ச் ஷாட்: ஓர் இணைய கோல்ஃப் விளையாட்டின் மதிப்புரை

நான் ஓராண்டாக ஆடிவரும் இணைய கோல்ஃப் விளையாட்டின் ஷாட் பட்டியலில் பலரும் தொடாமல் விடுவது பஞ்ச், அதாவது பந்தைத் தாழ்வாகப் பறக்கவைக்கும் அடி. பந்து மரக்கிளைக்கு அடியில் சிக்கினால் மட்டும், அதுவும் நீளமான அயர்ன் மட்டையோடு, அதைத் தேடுவார்கள். முகம் அதிகம் சாய்ந்த குறுந்தூர மட்டையான வெட்ஜோடும் அது கிடைக்கிறது என்பதும், காற்றடிக்கும் நாளில் அதன் முழுப் பயன் அங்கேதான் என்பதும் எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

மைதானத்தில் பஞ்ச் அடிப்பவர் பந்தைப் பின்காலின் பக்கமாக வைத்துக்கொண்டு, கைகளைப் பந்துக்கு முன்னே கொண்டுவந்து, அடித்த பிறகு மட்டையை முழுதாகச் சுழற்றாமல் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார். இதனால் 56 டிகிரி வெட்ஜின் முகம் பந்தைத் தொடும் கணத்தில் அதைவிடக் குறைந்த சாய்வோடு இருக்க, பந்து தாழ்வாகப் பறந்து எதிர்காற்றின் பிடியிலிருந்து பெருமளவு தப்பிவிடுகிறது. இந்த அளவில் விளையாட்டின் கணக்கு சரியாகவே இருக்கிறது. கொடி 70 யார்டில் இருக்க, மணிக்கு 20 மைல் எதிர்காற்றில் 60 டிகிரி வெட்ஜை எடுத்து வழக்கம்போல் உயர அடித்தேன். பந்து மேலே போய் ஒரு கணம் தொங்கி, கொடியைச் சுற்றிய மழித்த புல்தரையான கிரீனுக்கு முன்னிருந்த மணற்குழியில் விழுந்தது. அடுத்த சுற்றில், அதே இடத்திலிருந்து ஏறக்குறைய அதே காற்றில், 52 டிகிரியால் பஞ்ச் அடித்தபோது பந்து அந்தக் குழியைத் தாழ்வாகக் கடந்து கிரீனின் முன்விளிம்பில் விழுந்து, உருண்டு, கொடிக்கு ஆறடி தள்ளி நின்றது.

குறை, அடியின் பலத்தைக் காட்டும் திரை மீட்டரில் தொடங்குகிறது. பஞ்சைத் தேர்ந்தெடுத்த பிறகும் திரையில் தெரிவது அந்த வெட்ஜின் முழுத் தூரமே. பந்து அவ்வளவு தூரம் போவதில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டதற்குப் பயிற்சிக் களத்தில் பழகிக்கொள்ளுமாறு பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அதையே செய்தேன். ஒவ்வொரு வெட்ஜுக்கும் மீட்டரின் பாதியிலும் முக்காலிலும் பந்து எங்கே விழுகிறது, எவ்வளவு உருள்கிறது என்று தனித்தனியாகக் குறித்துவைத்த தாள் இன்றும் விசைப்பலகைக்கு அருகில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை சுழற்சியில் இருக்கிறது. ஒட்ட வெட்டிய ஃபேர்வே புல்லிலிருந்து சுத்தமாக அடித்தால், வெட்ஜின் பள்ளக்கோடுகள் பந்தை நன்றாகப் பற்றிக்கொள்வதால், தாழ்வாகப் போகும் பந்துகூட ஓரிரு துள்ளலில் பிரேக் போட்டதுபோல் அடங்கிவிடும். கோல்ஃப் ஆடுபவர்கள் இந்த ஷாட்டை விரும்புவதற்கு அதுவே பெரிய காரணம். இங்கோ பின்னோக்கிய சுழற்சியான பேக்ஸ்பினை முழுதாக வைத்தாலும் பந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. ரஃப் எனும் உயரமான புல்லில் மட்டைக்கும் பந்துக்கும் இடையே புல் புகுந்து சுழற்சியைக் குறைப்பதால் அங்கே இந்த ஓட்டம் பொருத்தமானதே. ஃபேர்வேயையும் ரஃப்பைப் போலவே நடத்துவதுதான் சிக்கல்.

ஆகவே ஐந்துக்கு மூன்று மதிப்பெண். கொடி கிரீனின் பின்பகுதியில் இருந்து, உருள இடமும் இருந்தால் எதிர்காற்றில் தயங்காமல் 52 டிகிரி பஞ்சை எடுக்கிறேன். மணற்குழியை ஒட்டிக் கொடி முன்பகுதியில் நின்றால், எவ்வளவு காற்றடித்தாலும் வழக்கமான உயர் ஷாட்டோடுதான் போராடுகிறேன்.